கார்ன் ஸ்நேக்கையும் கிங் ஸ்நேக்கையும் இணை சேர்க்கலாமா?

ஓலைப்பாம்பு

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் வளர்ந்த பெண் கார்ன் ஸ்நேக் ஒன்று இருக்கிறது. அமெல் மார்ஃப் (மார்ஃப் என்றால் மரபணுவால் நிறமோ தோற்றமோ மாறிய வகை), கருநிறமே கிடையாது, உடம்பு முழுக்க ஆரஞ்சும் சிவப்பும்தான். பக்கத்துக் கூண்டில் ஆண் கலிஃபோர்னியா கிங் ஸ்நேக் (ராஜநாகம் இல்லை, விஷமில்லாதது), கறுப்பு வெள்ளைப் பட்டை. இரண்டையும் சேர்த்தால் 'ஜங்கிள் கார்ன்' என்ற கலப்பினம் கிடைக்கும் என்று படித்தேன். படங்களைப் பார்த்ததிலிருந்து அந்த நினைப்பாகவே இருக்கிறது.

சில சந்தேகங்கள். இரண்டும் வேறு வேறு இனம் மட்டும் இல்லை, பேரினமே வேறு. அப்படியிருக்க முட்டை எப்படிக் கரு பிடிக்கிறது? பிறக்கும் குட்டிகள் கோவேறு கழுதை மாதிரி மலடாகத்தான் இருக்குமா? அப்புறம், இந்தப் பேச்சை எடுத்தாலே வளர்ப்போரில் பாதிப் பேர் சண்டைக்கு வருகிறார்களே, ஏன்?

சாரை

மரபணு எல்லாம் பிறகு. கிங் ஸ்நேக்கின் இயற்கை உணவில் பாம்பும் உண்டு என்பது தெரியுமா? கிலுகிலுப்பை விரியனையே விழுங்கும், அதன் விஷத்தைத் தாங்கும் உடம்பு அதற்கு. உங்கள் கார்ன் அதன் கண்ணுக்கு மணப்பெண் இல்லை, சாப்பாடு. தன் சொந்த இனத்துப் பெண்ணையே பிடித்துத் தின்ற ஆண் கிங் ஸ்நேக்குகள் உண்டு.

கொம்பேறிமூக்கன்

சாரை சொன்னது சரி. எச்சரிக்கையை அவர் சொல்லிவிட்டதால் நான் உயிரியலுக்குப் போகிறேன்.

கார்ன் ஸ்நேக் பாந்தெரோஃபிஸ் பேரினம். கிங் ஸ்நேக்கும் மில்க் ஸ்நேக்கும் லாம்ப்ரோபெல்டிஸ். புல் ஸ்நேக் (புல்வெளிப் புல் இல்லை, காளை என்கிற 'bull'), கோஃபர் ஸ்நேக், பைன் ஸ்நேக் எல்லாம் பிட்டுயோஃபிஸ். பெயர்தான் மூன்று. வட அமெரிக்காவில் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து வந்த ஒரே கூட்டம் இது, லாம்ப்ரோபெல்டினி என்பார்கள். பேரினம் என்பது நாம் வசதிக்காகப் போட்ட வேலி. 2002 வரை கார்ன் ஸ்நேக் 'எலாஃபே' என்ற பேரினத்தில் ஐரோப்பிய, ஆசியப் பாம்புகளோடு இருந்தது. மரபணுவைப் பார்த்த பிறகுதான், கிங் ஸ்நேக்குக்கு இது நெருக்கம், பழைய உலக எலாஃபேக்கு அல்ல என்று பிரித்தார்கள். ஆகவே பேரினம் வேறு என்பதை வைத்து மட்டும் தூரத்தை அளக்க முடியாது.

மலட்டுத்தனத்துக்கு வருவோம். குதிரைக்கு 64 குரோமோசோம், கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 63. விந்தோ கருமுட்டையோ உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி ஜோடியாக நிற்க வேண்டும், அங்கேதான் சிக்கல் வருகிறது. பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 36 குரோமோசோம், அதில் 16 பெரியது, 20 நுண்ணியது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்த அமைப்பு அதிகம் மாறவில்லை. கார்னுக்கும் 36, கிங்குக்கும் 36. எண்ணிக்கை ஒத்துப்போவது மட்டும் போதாது, மரபணுக்களும் ஒத்துழைக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் அவை ஒத்துழைக்கின்றன. ஜங்கிள் கார்ன்கள் மலடு இல்லை. தங்களுக்குள்ளும் குட்டி போடும், திரும்ப கார்னோடும் சேரும், கிங்கோடும் சேரும். கேள்வியின் மற்ற பாதிக்கு, அதாவது ஏன் சண்டை வருகிறது என்பதற்கு, பதில் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அதை மண்ணுளி வந்து சொல்வார், எப்படியும் வருவார்.

மண்ணுளி

வந்துவிட்டேன்.

ஓலைப்பாம்பு, உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. குட்டிகள் மலடாக இருந்தால் நான் இந்த இழையைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன். மலடு என்றால் கதை அந்தப் பாம்போடு முடியும். மலடு இல்லை என்பதுதான் தலைவலி.

கணக்குப் போடுங்கள். ஒரு ஈட்டில் பத்துப் பதினைந்து முட்டை. பத்துக் குட்டிகள் பிழைத்தால் ஒன்றிரண்டை வைத்துக்கொள்வீர்கள். மீதியை 'ஜங்கிள் கார்ன்' என்று சொல்லித்தான் கொடுப்பீர்கள், நம்புகிறேன். வாங்கியவர் ஒரு கார்னோடு சேர்ப்பார். அந்தக் குட்டிகளில் முக்கால் பங்கு கார்ன். அதையும் ஒருவர் கார்னோடு சேர்ப்பார், எட்டில் ஏழு பங்கு கார்ன். இந்தக் கட்டத்தில் பாம்பு பார்க்க அச்சு அசலாக கார்ன்தான். பட்டை கொஞ்சம் கோணலாக இருந்தால் 'வித்தியாசமான மார்ஃப்' என்று பெயர் வைப்பார்கள். மூன்று கை மாறிய பாம்போடு பழைய சீட்டு எதுவும் வராது. நான்காவது ஆள், கார்ன் என்று நம்பி, தன் தூய வரிசையில் அதைச் சேர்ப்பார்.

பாலில் தண்ணீர் கலந்தால் பிரிக்க அன்னப்பறவையாவது உண்டு என்பார்கள். இதைப் பிரிக்க எந்தப் பறவையும் இல்லை.

நீர்க்கோலி

மண்ணுளி அவர்களே, அந்தத் 'தூய வரிசை' எங்கே இருக்கிறது என்று சொன்னால் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கிரீம்சிகிள் என்று விற்கிறார்களே, அது அமெல் கார்னுக்கும் கிரேட் பிளெய்ன்ஸ் ராட் ஸ்நேக்குக்கும் பிறந்தது. எமோரி என்று கூப்பிடுவோமே, அதுதான். அமெல் இல்லாத கார்னோடு எமோரி சேர்ந்தால் ரூட்பீர். செதிலே இல்லாத கார்ன் ஸ்நேக்கைப் பார்த்து வாய் பிளக்கிறோம், அந்த மரபணு எமோரி கலந்த ஈட்டிலிருந்து வந்தது. அல்ட்ரா என்ற மரபணு சாம்பல் ராட் ஸ்நேக்கிலிருந்து கார்னுக்குள் நுழைந்தது என்றுதான் வளர்ப்போர் பலர் கருதுகிறார்கள். அமெலும் அல்ட்ராவும் ஒரே மரபணுவின் இரண்டு வடிவங்கள், அதனால்தான் ஒன்றுக்கொன்று சேர்ந்து அல்ட்ராமெல் வருகிறது. இன்று பட்டியலில் இருக்கும் அல்ட்ராமெல் பாம்பை எல்லாம் கலப்பினம் என்று தள்ளிவிடுவீர்களா?

கார்ன் தூய்மை பேசும் பலர் வீட்டில் அல்ட்ராமெல் இருக்கிறது. கிங் கலந்தால் பாவம், ராட் ஸ்நேக் கலந்தால் மார்ஃப். நல்ல நியாயம்.

மண்ணுளி

நியாயமான குத்து, ஏற்றுக்கொள்கிறேன். அல்ட்ராவை 'கார்ன்' என்ற பெயரில் விட்டது தவறு என்பதுதான் என் கட்சி. அதையே காரணம் காட்டி அடுத்ததையும் விடலாம் என்பது உங்கள் கட்சி. எமோரியை ஒரு காலத்தில் கார்னின் துணையினம் என்றே வகைப்படுத்தியிருந்தார்கள், அந்த நாளில் கலந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. கலிஃபோர்னியா கிங் அமெரிக்காவின் மேற்குக் கரைப் பக்கம், கார்ன் தென்கிழக்கு. கூண்டுக்கு வெளியே இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. ஆக, தெரியாமல் நடந்ததற்கும் தெரிந்தே செய்வதற்கும் வித்தியாசம் உண்டா இல்லையா?

ஓலைப்பாம்பு

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஒன்று கேட்கிறேன். கிங் தின்றுவிடும் என்றால் ஜங்கிள் கார்ன் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள்? இணை சேர அது எப்படிச் சம்மதித்தது?

கொம்பேறிமூக்கன்

ஏமாற்றித்தான். பாம்புக்குக் காதல் கண்ணில் இல்லை, நாக்கில். பெண் பாம்பின் தோலில் இருக்கும் ஃபெரோமோன் வாசனையை நாக்கு எடுத்து அண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் வைக்கும். அதுதான் இது நம் ஆள், இது வேற்றாள் என்று சொல்லும். ஆகவே வாசனையை மாற்றினால் தீர்ந்தது. ஆண் எந்த இனமோ அந்த இனப் பெண் புதிதாக உரித்த சட்டையை ஈரத்தோடு எடுத்து, வேற்றினப் பெண்ணின் மேல் தேய்ப்பார்கள். இன்னொரு வழி: முதலில் சொந்த இனப் பெண்ணைக் காட்டி, ஆண் சூடேறி முதுகில் ஊர ஆரம்பித்ததும், இருட்டில் ஆளை மாற்றிவிடுவது.

இதெல்லாம் வசந்தத்தில் நடக்கும். அதற்கு முன் இரண்டு மூன்று மாதம் இரண்டு இனத்துக்குமே குளிர் ஓய்வு வேண்டும், 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வரை. இரண்டுக்கும் பருவம் ஒன்றாக அமைவதும் இந்தக் கலப்பு எளிதாக நடக்க ஒரு காரணம்.

எந்தப் பக்கம் ஆண் என்பது முக்கியம். நீங்கள் சொல்வது ஆண் கிங், பெண் கார்ன். ஆணுக்கு வெறி தணிந்த அடுத்த நிமிடம் பசி நினைவுக்கு வரலாம். எதிர்ப்பக்கம் வைத்தால் பெண் கிங் ஆண் கார்னைச் சுற்றிக்கொள்ளலாம். யாராவது பக்கத்திலேயே கொக்கியோடு உட்கார்ந்திருக்க வேண்டும், ராத்திரி முழுக்க விட்டுவிட்டுத் தூங்கப் போகிற வேலை இது இல்லை.

எப்படி நடக்கிறது என்று கேட்டீர்கள், சொன்னேன். செய்யுங்கள் என்று சொல்லவில்லை.

சில்லுவரி

மலைப்பாம்புகளிலும் இப்படி உண்டு என்று கேள்விப்பட்டேன். பால் பைத்தானை (குடிக்கிற பால் இல்லை, பந்து என்கிற 'ball') பர்மியப் பைத்தானோடு சேர்த்தார்களாமே? ஒன்று ஒரு கை நீளம், இன்னொன்று ஒரு அறை நீளம். நிஜமா, படத்தை ஒட்டி வெட்டி விட்ட கதையா?

இருதலை

நிஜம்தான். பர்ம்பால் என்று பெயர். ரெட்டிக்குலேட்டட் பைத்தானும் பர்மியனும் சேர்ந்தால் 'பேட்ஈட்டர்'. ஆஸ்திரேலிய வோமாவும் ஆப்பிரிக்க பால் பைத்தானும்கூடச் சேர்ந்திருக்கின்றன. கண்டமே வேறு. வோமாவுக்கு உதட்டில் வெப்பக் குழிகள் கிடையாது, பால் பைத்தானுக்கு உண்டு. அப்படியும் முட்டை பொரிந்தது.

எனக்கு இவற்றில் யோசிக்க வைப்பது கார்பாண்ட்ரோ. கார்பெட் பைத்தானும் பச்சை மரப் பைத்தானும் சேர்ந்தது. இரண்டும் மொரீலியா பேரினம்தான், ஆனால் வாழ்க்கை வேறு. பச்சை மரப் பைத்தான் நியூகினியின் ஈரக் காட்டில் கிளையில் சுருண்டு கிடக்கிற பாம்பு. குட்டி மஞ்சளாகவோ செம்பழுப்பாகவோ பிறந்து பிறகு பச்சையாக மாறும். கார்பெட் பைத்தான் தரை, மரம், கூரை என்று எங்கும் கிடக்கும், ஈரம் குறைந்தாலும் தாங்கும். கலப்பில் வரும் குட்டி எந்தப் பக்கம் சாயும்? கூடப் பிறந்த இரண்டிலேயே ஒன்று நாள் முழுக்கக் கிளையில் இருக்கும், இன்னொன்று தரையில் சுற்றும். வளர்க்கிறவர் புத்தகத்தைத் திறந்து ஈரப்பதம் இவ்வளவு என்று வைக்க முடியாது, பாம்பைப் பார்த்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். தேர்ந்த கைக்கு இது சவால். முதல் பாம்பு வாங்குகிறவருக்கு இது சித்திரவதை, அவரைவிடப் பாம்புக்கு.

பேட்ஈட்டர் பற்றி ஒரு வார்த்தை. உலகின் மிக நீளமான பாம்பும் மிகப் பெரிய பாம்புகளில் ஒன்றும் சேர்கின்றன. குட்டி எவ்வளவு வளரும், குணம் யாரைக் கொள்ளும் என்று வாங்கும்போது யாரும் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டார்கள். அழகு என்று வாங்கி, மூன்றாம் வருடம் அறை பத்தாமல் ஆள் தேடுகிறார்கள்.

கொம்பேறிமூக்கன்

இருதலை மலைப்பாம்பைத் தொட்டதால் ஒரு சுவாரசியமான விஷயம். கலப்பினத்தில் ஏதாவது ஒரு பாலினம் மட்டும் பலவீனமாகவோ மலடாகவோ வந்தால், அது பெரும்பாலும் இரண்டு வேறுபட்ட பால் குரோமோசோம் வைத்திருக்கும் பாலினமாக இருக்கும் என்று ஹால்டேன் 1922இல் சொன்னார். பாலூட்டிகளில் அது ஆண், பறவைகளில் பெண்.

பாம்பில்? வெகுகாலம் எல்லாப் பாம்புக்கும் பறவை மாதிரி, பெண்தான் வேறுபட்ட ஜோடி என்று நினைத்தார்கள். 2017இல் ஒரு ஆய்வு அதைக் கலைத்தது. கார்ன், கிங், விரியன் கூட்டமெல்லாம் பழையபடி பெண் பக்கம்தான். ஆனால் மலைப்பாம்புகளிலும் போவாக்களிலும் நம்மைப் போல ஆண்தான் வேறுபட்ட ஜோடி வைத்திருக்கிறது. ஆகவே ஹால்டேன் விதிப்படி ஜங்கிள் கார்னில் பழுது வந்தால் பெண்ணில் தேட வேண்டும், கார்பாண்ட்ரோவில் வந்தால் ஆணில். விதி என்றாலும் ஒவ்வொரு தடவையும் அப்படியே நடக்காது. ஒரு கலப்பினப் பெண் இட்டதெல்லாம் கூமுட்டை என்றால் உடனே இன்குபேட்டரைத் திட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீர்க்கோலி

உடல்நலம் என்று வந்ததால் கேட்கிறேன். கலப்பினம் என்றாலே நோஞ்சான் என்று ஒரு பேச்சு. ஜங்கிள் கார்ன் வளர்ப்பவர்களைக் கேளுங்கள், தட்டில் வைத்ததை விடாது. 'தூய' பால் பைத்தானில் ஸ்பைடர் மார்ஃபைப் பாருங்கள். தலை ஆடும், சுழலும், சில சமயம் எலியைக் குறி பார்த்துக் கடிக்கக்கூட முடியாது. உள்காது பிறவியிலேயே கோணலாக இருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டிவிட்டார்கள். கார்பெட் பைத்தானில் ஜாகுவார் மார்ஃபுக்கும் நரம்புக் கோளாறு. வெள்ளை டெக்சாஸ் ராட் ஸ்நேக்கில் பிதுங்கிய கண். இதெல்லாம் ஒரே இனத்துக்குள் எடுத்தது. பாம்பின் நலம்தான் கவலை என்றால் முதலில் கோபப்பட வேண்டிய இடம் எது?

மண்ணுளி

இதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை. ஸ்பைடரை நான் வைத்ததும் இல்லை, வைக்கவும் மாட்டேன். என் புகார் கலப்பினம் நோயாளி என்பது அல்ல. அது ஆரோக்கியமாக இருக்கிறது, நன்றாகத் தின்கிறது, நிறையக் குட்டி போடுகிறது. அதனால்தான் மற்ற வரிசைகளுக்குள் அவ்வளவு வேகமாகப் பரவும்.

வெள்ளிக்கோல்

நடுவில் ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த ஒருவர் பெண் கார்னையும் ஆண் மில்க் ஸ்நேக்கையும் ஒரே கூண்டில் வைத்திருந்தார் (வைக்கக் கூடாது, தெரியும்). முட்டை இட்டது, பொரிந்தது. கலப்பினம் என்று கொண்டாடுகிறார். எனக்குப் பார்க்க எல்லாம் கார்ன் மாதிரியே தெரிகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

கொம்பேறிமூக்கன்

கொண்டாட்டத்தை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பெண் இதற்கு முன் ஆண் கார்னோடு இருந்ததா என்று முதலில் கேளுங்கள். பெண் பாம்பு விந்தை உடம்புக்குள் சேமித்து வைக்கும், போன பருவத்து இணைக்கு இந்தப் பருவம் முட்டை இடும். வயது வந்த பாம்பாக வாங்கியிருந்தால் முந்தைய கதை யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, ஆணே இல்லாமல் குட்டி. போவா, மலைப்பாம்பு, கிலுகிலுப்பை விரியன், கார்ட்டர் ஸ்நேக் எல்லாவற்றிலும் மரபணு பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். கார்ன் மாதிரியான பாம்பில் அப்படிப் பிறப்பது எல்லாம் ஆணாக இருக்கும், எண்ணிக்கையும் குறைவு, கூமுட்டை அதிகம். ஈடு முழுக்க ஆணா என்று பாருங்கள்.

அடுத்து செதில். கார்னுக்கு மலவாயை மூடும் செதில் இரண்டாகப் பிளந்திருக்கும். கிங், மில்க் இரண்டுக்கும் பிளவில்லாத ஒற்றைச் செதில். கார்னின் முதுகுச் செதிலில் நடுவே மெல்லிய மேடு ஓடும், கிங், மில்க் வழவழவென்று இருக்கும். புல் ஸ்நேக் வகையில் மேடு தடவினாலே தெரியும். கூடவே மூக்குக்கும் நெற்றிக்கும் நடுவே நான்கு செதில் இருக்கும், கார்னுக்கு இரண்டுதான். குட்டிகளில் சிலதுக்கு மலவாய்ச் செதில் ஒற்றையாக இருந்தால் உங்கள் நண்பர் சொல்வதில் விஷயம் இருக்கலாம். எல்லாம் பிளந்திருந்தால் பழைய விந்து என்றுதான் நான் பந்தயம் கட்டுவேன்.

சில்லுவரி

சிரிக்காதீர்கள், நாகமும் சாரையும் பின்னிப் பிணைவதைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே. அதில் பிறப்பது எது? விஷப் பாம்புகளில் இப்படிக் கலப்பு உண்டா?

சாரை

என் பெயர் அடிபடுவதால் நானே சொல்கிறேன். பின்னிக்கொண்டு எழும்புவது இரண்டும் சாரை, இரண்டும் ஆண். பெண்ணுக்காக யார் யாரைத் தரையில் அமுக்குவது என்கிற மல்யுத்தம். நாகம் வேறு குடும்பம், சாரை வேறு குடும்பம். கார்னும் கிங்கும் சித்தப்பா பெரியப்பா மக்கள் என்றால் இவை இரண்டுக்கும் ஊரே வேறு. கலப்பு கிடையாது.

இருதலை

விஷமுள்ளவற்றுக்குள்ளேயே கலப்பு உண்டு. ஆப்பிரிக்காவில் கபூன் விரியனும் காண்டாமிருக விரியனும் சேர்ந்த கலப்பினம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் மொஹாவி கிலுகிலுப்பை விரியனும் புல்வெளிக் கிலுகிலுப்பை விரியனும் சந்திக்கிற இடத்தில் கலக்கின்றன. மொஹாவியின் விஷத்தில் நரம்பைத் தாக்கும் ஒரு நச்சு இருக்கிறது, மற்றதில் அது வழக்கமாக இல்லை. கலப்பினம் கடித்தால் எந்தக் கலவை உள்ளே போகும் என்று பட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. விஷமுறிவு மருந்து குறிப்பிட்ட சில இனங்களின் விஷத்தை வைத்துத் தயாரிக்கிறார்கள். வீட்டில் விஷப் பாம்புக் கலப்பினம் செய்கிறவர் மருத்துவருக்கும் சேர்த்துக் குழி வெட்டுகிறார். இந்தத் தலைப்பை இதோடு விடலாம்.

நீர்க்கோலி

பாருங்கள், இருதலையே இயற்கைக் கலப்பை ஒத்துக்கொண்டுவிட்டார். ஐரோப்பாவில் புல் பாம்பு (இது நிஜமாகவே புல், 'grass') இருக்கிறதே, நேட்ரிக்ஸ், அதில் இரண்டு இனம் ரைன் ஆற்றுப் பக்கம் சந்தித்துக் கலக்கின்றன. அமெரிக்காவில் ஃபாக்ஸ் ஸ்நேக்கும் புல் ஸ்நேக்கும் காட்டிலேயே கலந்த பாம்பு கிடைத்திருக்கிறது, இரண்டு வேறு பேரினம். இயற்கையே செய்வதை நாம் செய்தால் குற்றமா?

மண்ணுளி

நேட்ரிக்ஸ் கலப்பு ஒரு குறுகிய பட்டைக்குள் நடக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் ஓர் இனம், அந்தப் பக்கம் இன்னோர் இனம், இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. அந்த அளவுக்குத் தனியாக இருப்பதால்தான் 2017இல் அவற்றை இரண்டு இனம் என்றே பிரித்தார்கள். கலப்பினம் அங்கே பிழைக்கலாம், பிழைக்காமல் போகலாம். கூண்டில் அந்தச் சல்லடை இல்லை. நாம் ஊட்டி வளர்த்து, அடுத்த ஊருக்குப் பார்சல் அனுப்புகிறோம்.

மனிதன் கைபட்டது காட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் பரவிய பர்மியப் பைத்தான்கள் வளர்ப்பு வணிகத்தில் வந்து தப்பியவை, விட்டுவிட்டவை. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தார் சுமார் 400 பாம்புகளின் மரபணுவைப் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். 13 பாம்புகளில் இந்திய மலைப்பாம்பின் அடையாளம். பார்வைக்கு எல்லாம் பர்மியன். பர்மியன் ஈரத்தை விரும்பும், இந்திய மலைப்பாம்பு மேட்டு நிலத்தையும் வறண்ட இடத்தையும் சமாளிக்கும். இரண்டு குணமும் ஒரே பாம்பில் சேர்ந்தால் அதற்குப் புதுப் புது இடம் திறக்கும் என்பதுதான் அவர்களுடைய கவலை. அந்தக் கலப்பு எப்போது, யார் கையில் நடந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியவில்லை. என் மொத்தப் பேச்சும் இந்தப் பதிமூன்று பாம்புதான்.

இருதலை

இதில் சட்டக் கோணமும் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தில் இந்திய மலைப்பாம்பு முதல் பட்டியல், பர்மியன் இரண்டாம் பட்டியல். கலப்பினத்தின் அண்மைத் தலைமுறைகளில் பட்டியலில் உள்ள இனம் இருந்தால் கலப்பினத்துக்கும் அதே கட்டுப்பாடு பொருந்தும். பொதுவாக நான்கு தலைமுறை வரை பார்க்கிறார்கள், இரண்டு பட்டியல் கலந்தால் கடுமையானதுதான் செல்லும். 'கலப்பினத்துக்குச் சட்டம் கிடையாது' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

நீர்க்கோலி

சரி, எவர்கிளேட்ஸ் உதாரணம் கனமானது, மறுக்கவில்லை. ஆனால் அது பாம்பைத் தப்பவிட்டவர்களின் கதை, கலந்தவர்களின் கதை இல்லை. தூய பர்மியனைத் தப்பவிட்டாலும் அங்கே நாசம் அதேதான், அந்த 13ஐ விட்டு மீதி எல்லாம் அதைத்தானே செய்தன? கலப்பினத்தைக் கலப்பினம் என்று சொல்லி, தாய் தகப்பன் படத்தோடு கொடுத்து, வளர்ப்பவர் மூடிய கூண்டில் வைத்தால் யாருக்கு என்ன கெடுதல்? மூன்று தலைமுறை ஜங்கிள் கார்னை எழுதி வைத்து வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் ஏமாற்றுக்காரர்களையும் ஒரே தட்டில் வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

மண்ணுளி

எழுதி வைக்கிறவர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடமிருந்து வாங்குகிறவர் எழுதி வைப்பாரா என்பதற்கு அவர்களே உத்தரவாதம் தர முடியாது. குட்டியை வெளியே கொடுக்காமல் தானே வைத்துக்கொள்கிறவர் என்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை, கடைசி மூச்சு வரை வைத்து வளர்க்கட்டும். இருபது வருடம் வாழும் பாம்பு, பத்து குட்டி. இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளட்டும்.

ஓலைப்பாம்பு

எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு இருபது வருடத்துக்குப் பத்துக் கூண்டு வைக்க இடம் இல்லை, அதுதான் உண்மை. கொடுத்துத்தான் ஆக வேண்டும், கொடுத்த பிறகு என் கையில் எதுவும் இல்லை. கிங்கை அதன் கூண்டிலேயே விட்டுவிடுகிறேன். கார்னுக்கு ஒரு ஆண் கார்ன் தேடலாம் என்று இருக்கிறேன். நீர்க்கோலி கோபித்துக்கொள்ள வேண்டாம், அந்தப் படங்கள் இன்னும் அழகாகத்தான் இருக்கின்றன.

ஆனால் இப்போது வேறு ஒரு பூச்சி மண்டையில் ஏறிவிட்டது. என் அமெல் பெண் எனக்கு வளர்ந்த பாம்பாகத்தான் வந்தது. அது முழு கார்ன்தானா? மலவாய்ச் செதிலைப் பார்க்க அதைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டுமா? பிடித்தால் நெளிந்து தொலைக்கிறது.

நீர்க்கோலி

கோபம் எல்லாம் இல்லை. ஆண் தேடும்போது அல்ட்ராமெல் வந்தால் மண்ணுளியிடம் காட்டாதீர்கள், அவ்வளவுதான்.

கொம்பேறிமூக்கன்

பிடிக்கவே வேண்டாம். அடுத்த முறை சட்டை உரித்ததும் கிழியாமல் எடுத்து, கொஞ்சம் நனைத்து, கண்ணாடியில் விரித்து ஒட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வயிற்றுப் பக்கத்து அகலச் செதில்கள் வரிசையாக வந்து, வாலுக்கு முன் முடிகிற கடைசிச் செதில்தான் நீங்கள் தேடுவது. அதன் குறுக்கே சாய்வாக ஒரு கோடு ஓடினால் பிளந்த செதில். கோடு இல்லாமல் ஒரே தகடாக இருந்தால் எங்கேயோ கிங்கோ மில்க்கோ புல்லோ புகுந்திருக்கலாம், படம் எடுத்துப் போடுங்கள், பார்க்கிறேன்.

பிளந்திருந்தால் முழு கார்ன் என்று சான்றிதழ் ஆகாது. எமோரிக்கும் ராட் ஸ்நேக்குக்கும் அதே மாதிரி பிளந்த செதில்தான், கிங் கலந்ததும் இரண்டு மூன்று தலைமுறை கார்னோடு சேர்ந்தால் பிளந்த செதிலோடு பிறக்கலாம். அந்த அளவுக்குத் தெரிய வேண்டும் என்றால் சட்டையின் ஒரு துண்டை மரபணு ஆய்வுக்குத்தான் அனுப்ப வேண்டும். அப்போதும் தாய்வழி மரபணுவை மட்டும் பார்க்கிற ஆய்வாக இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள், தகப்பன் வழியில் கிங் புகுந்திருந்தால் அதில் தெரியவே தெரியாது.